ஜெர்மனியின் பழைய நகரங்களைப் பார்க்கப் புறப்படும் மதுரைக்காரர்களுக்கு

ஜெர்மனியில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் பலர், ஒரே வாரத்தில் ஆறேழு பழைய நகரங்களைச் சுற்றிவிட்டு, எல்லாம் ஒன்று போலவே இருந்தன என்று சொல்லித் திரும்புகிறார்கள். ஊர்களைக் குறைத்துக்கொண்டு, ஓர் ஊருக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள். முடிந்தால் இரவும் அங்கேயே தங்குங்கள்.

முதலில் ஊரின் அமைப்பைப் பாருங்கள். மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. நாயக்கர் காலக் கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டாலும், அது நின்ற சுற்றை வெளிவீதிகள் இன்றும் காட்டுகின்றன; அதற்கு முந்தைய, அதைவிடச் சிறிய பாண்டியர் கோட்டையின் மிச்சமாக விட்டவாசல் நிற்கிறது. பவேரியாவின் நோர்ட்லிங்கன் நகரிலும் இப்படித்தான் மதில் வெளிநோக்கி நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் உள்மதில் போய், அதன் தடத்தில் வட்டமாக ஒரு தெரு மட்டும் எஞ்சியிருக்கிறது. 1327இல் தொடங்கிய வெளிமதிலோ சிதையாமல் நிற்கிறது. கூரையிட்ட அதன் நடைபாதையில் ஏறினால், ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் நடந்து ஊரையே சுற்றி வந்துவிடலாம். பிறகு நடுவிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் 90 மீட்டர் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். தெருக்களின் வட்டம் முழுதாக விளங்கும். அந்தக் கோபுரத்தின் கல், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே விண்கல் விழுந்த வேகத்தில் நொறுங்கியும் உருகியும் கலந்து உறைந்த பாறை.

அடுத்து, சுவர் எதனால் ஆனது என்று கேளுங்கள். வடக்கே லூபெக்கில் கட்டடக்கல் அரிது. ஆகவே தேவாலயங்களும் நகரவாயிலும் செங்கல்லாலேயே எழுந்தன. காடு மிகுந்த நடுப்பகுதியில் மரச்சட்ட வீடுகள் பெருகின. 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமான குவெட்லின்பர்க்கில் இத்தகைய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

மரச்சட்ட வீடு ஒன்றின் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். ஆணியின் தலை சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டுகளுக்கருகே உளியால் வெட்டிய சிறு கோடுகள் தெரிந்தால், அவை தச்சரின் அடையாள எண்கள்: சட்டத்தைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, மீண்டும் வரிசை மாறாமல் எழுப்புவதற்காக இட்டவை. சட்டங்களுக்கு இடையே வரிச்சு கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசினார்கள். நம் பக்கத்துப் பழைய மண்சுவர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. மாடி தெருவுக்கு மேல் நீண்டிருப்பதால் குறுகிய மனையிலும் மேலே இடம் கூடுகிறது. வாசலுக்கு மேலுள்ள உத்தரத்தில் கட்டிய ஆண்டும் உரிமையாளர் பெயரும் பெரும்பாலும் செதுக்கப்பட்டிருக்கும்.

எது பழையது, எது இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்தது என்பதையும் விசாரியுங்கள். உத்தரத்தில் கோடாரியும் வாய்ச்சியும் பட்ட தழும்புகள் பழமைக்கு ஒரு குறிப்புத் தரும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஹில்டஸ்ஹைமின் இறைச்சி வெட்டுவோர் சங்க மாளிகை 1529இல் கட்டப்பட்டு, 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்து, 1980களின் இறுதியில் பழைய முறையிலேயே மர ஆணிகளோடு மறுபடி எழுந்தது. ரோத்தன்பர்க் நகர மதிலின் பகுதிகளும் அவ்வாறு மீண்டவையே. நம் கோயில்களில் உபயதாரர் பெயர் பொறிப்பது போல, நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் அங்கே சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. மீண்டும் கட்டியதைப் போலி என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதன்று. திருமலை நாயக்கர் மகால் இன்று நாம் காணும் நிலையில் இருப்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு செய்வித்த சீரமைப்பும் ஒரு காரணம்.

கல் பாவிய தெருக்களில் நடக்க, அடி தடித்த காலணி வேண்டும். வழிபாட்டு நேரத்தில் தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க அனுமதியில்லை. பயணத்தைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ள முடிந்தால், அம்மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றை நாடெங்கும் அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பரணுக்கு ஏற விட்டால், தெருவிலிருந்து பார்க்க முடியாத கூரைச் சட்டங்களையும் அவற்றின் மூட்டுகளையும் உள்ளிருந்தே காணலாம்.