பொதுக் காட்டில் வான்கோழி வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டைக்குச் சொந்த நிலம் தேவையில்லை. மிசௌரியில் உள்ள மார்க் ட்வைன் தேசியக் காடு போன்ற பொது நிலங்களில், மாநிலம் தரும் உரிமம் கையில் இருந்தால் வேட்டையாடலாம். ஆனால் அதே உரிமத்துடன் இன்னும் பலர் அங்கே இருப்பார்கள். புதியவர்களின் பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால்தான் நேர்கின்றன.

அவற்றில் மிக மோசமானது, சேவலின் கொக்கரிப்பு கேட்ட திசையில் பதுங்கிப் போவது. அது வேறொரு வேட்டைக்காரர் கருவியால் எழுப்பிய குரலாக இருக்கலாம். புதர் அசைந்தால் அவர் துப்பாக்கியை உங்கள் பக்கம் திருப்புவார். பென்சில்வேனியாவில் வசந்த கால வேட்டையில் பறவையைக் குரல் கொடுத்து வரவழைக்க மட்டுமே அனுமதி உண்டு, பதுங்கிச் செல்வது சட்டவிரோதம். வான்கோழியின் வாலை விசிறி போல முன்னால் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். பொது நிலத்தில் அது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. அந்த நிறத்தில் கைக்குட்டை, காலுறைகூட வெளியே தெரியக் கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். யாராவது நெருங்கினால் கையை ஆட்டாமல் வாய்விட்டுப் பேசுங்கள். பறவை ஓடிவிடும், ஓடட்டும்.

சேவலை வரவழைக்க ஓயாமல் பெட்டையின் குரல் கொடுப்பது அடுத்த தவறு. இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். அதனால் சேவல் பதில் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே காத்திருக்கும். அதிலும் பொதுக் காட்டுப் பறவைகள் நாள்தோறும் கருவிக் குரல் கேட்டுச் சலித்தவை. பதில் வந்தபின் வாயை மூடிக்கொண்டால், பெட்டை எங்கே என்று பார்க்க அதுவே வரக்கூடும்.

காலை ஒன்பது மணிக்கே பொறுமை இழந்து கிளம்புகிறவர்கள் அநேகம். பெட்டைகள் முட்டையிடப் போனபின் சேவல் தனியாகத் திரியும் நேரம் அதுதான். சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரம் முடிந்துவிடும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது கஜத்துக்கு அப்பால் சுட்டால் பறவை பெரும்பாலும் காயத்தோடு தப்பிவிடும். தனியார் நில எல்லையை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். காட்டு வாசலில் வேறொருவர் வண்டி நின்றால், மாற்று இடத்துக்குப் போய்விடுவதே முறை.