நீச்சலில் உங்கள் கைவீச்சு எத்தனை மீட்டர்? போனை வைத்து அளக்கும் முறை

"கையை இன்னும் வேகமாகப் போடு" என்று கரையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போட்டேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். எதிர்ச்சுவர் முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது நீச்சல் உயிர் இயக்கவியலின் (உடல் அசைவுகளை இயற்பியலைக் கொண்டு ஆராயும் துறை) மிக எளிய சமன்பாடு:

வேகம் = கைவீச்சு வீதம் × கைவீச்சு நீளம்

வீதம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி. ஃப்ரீஸ்டைலில் வலக்கை ஒரு முறை, இடக்கை ஒரு முறை வீசினால் ஒரு சுழற்சி. நீளம் என்பது ஒரு சுழற்சியில் உடல் முன்னேறும் தூரம். ஆல்பர்ட் கிரெய்க், டேவிட் பெண்டர்காஸ்ட் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, போட்டி நீச்சல்காரர்களை இந்த எண்களைக் கொண்டே அலசியது. ஃப்ரீஸ்டைலில் இதை நீங்களே அளந்துகொள்ளலாம். ஒரு போன், ஒரு ட்ரைபாட், அளவு நாடா, நான்கு வண்ண ரிப்பன்கள், படம்பிடிக்க ஒரு நண்பர் போதும். குளத்து நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள். பக்கத்துத் தடத்தில் நீந்துபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 1: எந்தப் பத்து மீட்டர்?

25 மீட்டர் குளத்தில் 10ஆவது மீட்டரிலிருந்து 20ஆவது வரை. முழு நீளத்தையும் எடுத்தால் சுவரை உதைத்துக் கிளம்பிய வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். அது காலின் சாதனை, கைக்கு அதில் பங்கில்லை.

படி 2: கேமராவும் ரிப்பன்களும்

நான் சறுக்கியது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

15ஆவது மீட்டருக்கு நேரே கரையில் ட்ரைபாடை நிறுத்தினேன். அதுவரை சரி. ஆனால் 10, 20 மீட்டர் குறிகளை எதிர்க்கரையில் வைத்தேன். கணக்குப் போட்டதும் என் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். அவருடைய சராசரியே நொடிக்கு 2.16 மீட்டர்தான். அரை மணி நேரம் எனக்கு நல்ல சந்தோஷம்.

நடந்தது இதுதான். கேமராவிலிருந்து நான் நீந்திய தடம் 8 மீட்டர், எதிர்க்கரை 16 மீட்டர். திரையில் நான் முதல் குறியிலிருந்து அடுத்த குறிவரை போனதாகத் தெரிந்தாலும், பாதித் தொலைவில் இருந்த நான் உண்மையில் கடந்தது 5 மீட்டர்தான். அதைப் பத்து என்று எண்ணியதால் வேகம் இரட்டிப்பாகிவிட்டது.

தீர்வு: உங்கள் தடத்தின் இரு பக்கக் கயிறுகளிலும் 10ஆவது மீட்டரில் ஒரு ரிப்பன், 20ஆவது மீட்டரில் ஒரு ரிப்பன். கயிறு தொய்ந்து நகரும் என்பதால் கரையில் நாடாவை விரித்து அளந்து கட்டுங்கள். பிறகு திரையில் 10ஆவது மீட்டரின் இரு ரிப்பன்களையும் ஒரு கோட்டால் இணையுங்கள். 20ஆவது மீட்டருக்கும் அப்படியே. நீங்கள் தடத்தின் நடுவில் நீந்தினாலும் ஓரமாக ஒதுங்கினாலும் இந்தக் கோடு ஏமாற்றாது. படம் எடுக்கும்போது கேமராவைத் திருப்பவே கூடாது.

படி 3: நேரம் குறித்தல்

இதற்கு நான் பயன்படுத்துவது கினோவியா என்ற வீடியோ அலசல் மென்பொருள். இலவசம், விண்டோஸில் ஓடும், ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தலாம். கைக்கடிகாரங்கள் காட்டும் கைவீச்சு எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. கட்டிய கையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஊகிக்கின்றன.

தலை முதல் கோட்டைத் தொடும் ஃபிரேமிலிருந்து இரண்டாவது கோட்டைத் தொடும் ஃபிரேம்வரை நேரம் குறியுங்கள். கையைப் பார்த்துக் குறிக்காதீர்கள், அது உடலைவிட முன்னும் பின்னும் போகும். அடுத்து, வலக்கை நீரில் நுழையும் நொடியிலிருந்து அதே வலக்கை நான்காவது முறை நுழையும்வரை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று சுழற்சி. ஒன்றை மட்டும் அளந்தால், நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் தவறினாலே ஏறக்குறைய 2 சதவீதப் பிழை வரும்.

படி 4: கணக்கு

எனக்கு 10 மீட்டருக்கு 10 நொடி. வேகம் நொடிக்கு 1 மீட்டர். மூன்று சுழற்சிக்கு 5.4 நொடி, அதாவது ஒன்றுக்கு 1.8, நிமிடத்துக்கு 33. வேகத்தை ஒரு சுழற்சியின் நேரத்தால் பெருக்கினால் கைவீச்சு நீளம் 1.8 மீட்டர்.

பிறகு "வேகமாகப் போடு" அறிவுரைப்படி நீந்தினேன். ஒரு சுழற்சிக்கு 1.5 நொடி, நிமிடத்துக்கு 40. பத்து மீட்டருக்கு ஆனது 9.8 நொடி! நீளம் 1.53 மீட்டராகச் சுருங்கிவிட்டது. கை 20 சதவீதம் கூடுதலாக உழைத்தும் வேகம் கூடியது 2 சதவீதம். வீடியோவைத் திரும்பப் பார்த்தால் காரணம் தெரிகிறது: அவசரத்தில் முழங்கை கீழே இறங்கிவிட, உள்ளங்கை நீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அமுக்குகிறது.

நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறனோ மும்மடிக்கு ஏற்ப. 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். வீணாகும் ஒவ்வொரு வீச்சும் அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பின்சேர்க்கை 1: கைவீச்சு நீளம் 14 மீட்டர் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறார். 240 ஃபிரேமில் பதிவானதை மென்பொருள் 30 என்று எடுத்துக்கொண்டதால் சுழற்சி நேரம் எட்டு மடங்கு நீண்டது. தூரத்துக்கான நேரத்தை மட்டும் நிறுத்துகடிகாரத்தில் பார்த்திருந்தார். கினோவியாவில் உண்மையான பதிவு வேகத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 2: பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் இரு கையும் சேர்ந்தே இயங்குவதால் ஒவ்வொரு வீச்சும் ஒரு முழுச் சுழற்சி. நீருக்கடியில் படம் எடுப்பவர்கள் கரையில் எடுத்த அளவுகோலைப் பயன்படுத்தாதீர்கள். ஒளிவிலகலால் தட்டையான கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீளம் தெரிந்த ஒரு கோலை நீந்தும் தடத்திலேயே மூழ்கப் பிடித்து, அதை வைத்து அளவைக் கொடுங்கள்.