ஏரிப் பாசனச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. ஆனால் மதகைத் திறந்த பிறகு எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் பாய வேண்டும் என்பதை எந்தத் துறையும் வந்து முடிவு செய்வதில்லை. அது ஆயக்கட்டுதாரர்கள் கூடித் தீர்க்க வேண்டிய காரியம். 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டதும், ஊர்மக்களே நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்துத் திட்டம் 2017இல் மீண்டும் தொடங்கப்பட்டதும் ஊர்தோறும் சங்கங்கள் உருவாக வழி செய்தன. அவற்றுள் பல, கரையைப் பலப்படுத்தும் பணி முடிந்து பில் தொகை கைக்கு வந்ததோடு ஓய்ந்துபோயின. மராமத்துக்காக மட்டும் கூட்டப்பட்ட சங்கத்துக்கு மராமத்து முடிந்த பின் வேலை இல்லாமல் போவது இயல்பே. தண்ணீர் குறைந்த ஆண்டில் பங்கீட்டை நடத்திக் காட்டும் சங்கம்தான் நிலைத்து நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றை மறந்ததால் விளைபவை.

பதிவு, தலைவர், பொருளாளர், வங்கிக் கணக்கு என்று தொடங்குவது முதல் தவறு. இலங்கையின் கல்லோயா இடதுகரைத் திட்டத்தில் 1981இல் இதற்கு நேர்மாறான வழி பின்பற்றப்பட்டது. அந்த ஆண்டு நீர்த்தேக்கத்தில் கொள்ளளவில் ஏறத்தாழ கால்பங்கு நீர்தான் இருந்தது. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளை மட்டும் சிறு குழுவாகச் சேர்த்து, முதலில் வாய்க்காலைச் செப்பனிட்டு, பின்னர் முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சமான நீரைக் கீழே அனுப்பினார்கள். முறையான அமைப்பும் பொறுப்பாளர்களும் அதற்குப் பிறகே வந்தார்கள். மேற்பகுதியில் சிங்கள விவசாயிகளும் கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் இருந்த ஒரு திட்டத்தில், இனப் பகைமை முற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஏரிகளில் இந்தச் சிறு குழுவுக்குரிய இடம் மடை, அதாவது ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் திறப்பு. ஒவ்வொரு மடைக்கும் ஒருவர் என்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தால் கடைமடைக்காரரின் குரல் தானாகவே கூட்டத்துக்குள் வந்துவிடும். ஊர்ப் பெரியவர்களிலிருந்து நிர்வாகிகளைப் பொறுக்கினால், பெரும்பாலும் தலைமடையில் நிலம் உள்ளவர்களே அமர்வார்கள். பட்டா உள்ளவரை மட்டும் உறுப்பினராக்கி, நிலத்தில் இறங்கி உழைக்கும் குத்தகைதாரரையும், கணவர் பெயரில் இருக்கும் வயலில் தாமே தண்ணீர் பாய்ச்சும் பெண்களையும் வெளியே நிறுத்துவதும் இதே வகைத் தவறுதான். விதியை மதித்து நடக்க வேண்டியவர்களை விதி எழுதும் இடத்தில் காணோம் என்றால் அந்த விதி எப்படி நிற்கும்?

பங்கீட்டு விதியைத் தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகு பேசுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏரி நிறைந்திருக்கும்போது முறை யாருக்கும் தேவைப்படாது. நெல் பால் பிடிக்கும் தறுவாயில் மதகடியில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது, நியாயமான எந்த யோசனையும் யாரோ ஒருவருக்கு எதிரான சூழ்ச்சியாகவே தெரியும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, ஏரி முழுதாக நிறைந்தால் என்ன, பாதி நிறைந்தால் என்ன, கால்வாசி நிறைந்தால் என்ன என்று மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாக முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும். பாதிதான் நிறைந்தது என்றால் எல்லோரும் தத்தம் நிலத்தில் பாதியை மட்டும் நடுவதா, அல்லது முழு ஆயக்கட்டிலும் நெல்லை விட்டு உளுந்து, கேழ்வரகு போன்ற பயிருக்கு மாறுவதா என்பது நாற்று விடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் வறண்ட வலயக் குளங்களில் ‘பெத்ம’ என்னும் வழக்கம் இதைவிட ஒரு படி மேலே போகிறது: நீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயற்பரப்பை மட்டும் பயிரிடுவது என்று முடிவு செய்து, அந்தப் பரப்பைக் கீழ்ப்பகுதி நில உரிமையாளர்களுக்கும் அந்த ஒரு போகத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். நம் ஊர்களில் நில உரிமை குறித்த அச்சம் காரணமாக அது அப்படியே நடக்காது என்றாலும், நிலத்தின் இருப்பிடத்தை வைத்துப் பஞ்சத்தின் சுமை முழுவதையும் கடைமடையில் இறக்கக் கூடாது என்ற அதன் நியாயம் இங்கும் பொருந்தும்.

முறை வைக்கும்போது எல்லோருக்கும் ஏக்கருக்கு ஒரே அளவு நேரம் என்று கணக்கிடுவதும் பார்வைக்குத்தான் நியாயம். மண் வாய்க்காலில் தண்ணீர் மடையிலிருந்து கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாய்க்கால் குடித்துவிடும் அளவு உண்டு. கடைமடைக்காரரின் நேரத்தில் முதல் பகுதி வாய்க்காலை நனைப்பதிலேயே கழிந்துவிடும். தண்ணீர் அவர் வரப்பைத் தொட்ட நேரத்திலிருந்து முறையைக் கணக்கிட வேண்டும், அந்த நேரத்தில் மேலே உள்ள வாய்மடைகள் (வயலுக்குள் தண்ணீர் புகும் திறப்புகள்) அனைத்தும் அடைபட்டிருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு பெயரில் அழைக்கப்படும் அந்த மனிதருக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி அளந்த வழக்கம் பல ஊர்களில் நின்றுபோனது. அந்தக் கூலியைப் பணமாக மாற்றி ஒழுங்காகக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள். பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த அவர்களில் பலருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இல்லாததே நடுநிலைக்கு வலுவாக இருந்தது. சங்கத்தின் வருமானத்தில் முதல் செலவு இந்தக் கூலியாக இருக்க வேண்டும். நீர்க்கட்டி அடைத்த வாய்மடையை நிலக்காரர் வெட்டிவிட்டால் சங்கம் தன் பக்கம் நிற்கும் என்ற உறுதியும் நீர்க்கட்டிக்கு வேண்டும். சாதியின் பலத்தால் அவர் வாயை அடைக்கும் ஊரில் முறைப் பாசனம் ஒரு போகம்கூட நிலைக்காது.

அடுத்தது தூர் வாருவது பற்றிய மயக்கம். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓரடி வண்டலை எடுக்க வேண்டுமானால் 43,560 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண், அதாவது மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 14,520 லோடு. ஒரு கோடைக்குள் நடக்கக்கூடிய காரியமா இது? ஆனால் கூட்டங்களில் கேட்கப்படும் முதல் கோரிக்கை இதுவே. மேலும், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மதகு வழியாக வயலுக்கு வராது. அது ஆடுமாடுகளுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், அவ்வளவுதான். அதே செலவில் ஒரு சிறு பங்கை வரத்துக்கால்வாயில் போட்டு, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, சர்வேயரை வைத்து எல்லைக்கல் நட்டுக்கொண்டால் ஏரிக்கு வரும் நீரே கூடும். வரத்துக்கால்வாய் பெரும்பாலும் வேறு ஊர் நிலங்கள் வழியே வருவதால், அந்த ஊர்க்காரர்களோடு பேசாமல் ஆக்கிரமிப்பு மனு மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பம்புசெட் உள்ளவர்களைக் கணக்கிலிருந்து விடுவதும் பரவலான பிழை. ஆயக்கட்டுக்குள் கிணறு வைத்திருப்பவருக்கு ஏரி நீர் நேரடியாகத் தேவைப்படாததுபோல் தோன்றும். விவசாய மின்சாரமும் இலவசம் என்பதால் அவர் மெல்லக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார், சந்தாவும் நிற்கும். ஆனால் அவருடைய கிணறு ஊறுவது ஏரியில் நீர் நிற்பதனால்தான். எனவே அவரிடமும் ஏக்கர் கணக்கில் வரி வாங்குவதே முறை; பதிலுக்கு, ஏரி வற்றிய கடைசி நனைப்புக்கு அவர் அண்டை வயலுக்கு என்ன விலையில் தண்ணீர் விடுவார் என்பதையும் அதே கூட்டத்தில் பேசி எழுதிக்கொள்ளலாம்.

அபராதத்தைப் பற்றி ஒரு சொல். முதல் தடவை மடையை வெட்டியவருக்கே யாரும் கட்ட முடியாத தொகையை விதித்து, பின்னர் உறவு பார்த்து வசூலிக்காமல் விடுவதைவிட, முதலில் எச்சரிக்கை, அடுத்து சிறு தொகை, அதற்கடுத்து தண்ணீர் பாய்ச்சும் முறை ஒன்றை இழப்பது என்று படிப்படியாகப் போவது நல்லது. பொதுவளங்களை மக்களே காத்துவந்த பல நாட்டு அனுபவங்களை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஓஸ்ட்ரம், நீடித்து நின்ற அமைப்புகளில் இத்தகைய படிநிலைத் தண்டனைகளைக் கண்டார்.

வருமானத்தில் மீன் குத்தகையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குத்தகை எடுத்தவருக்கு ஏரி சீக்கிரம் வற்றினால் மீன் பிடிப்பது எளிது. கடைசி நனைப்புக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு அதே நீர் உயிர். இரவில் மதகு திறந்துகொண்டதாகக் கிளம்பும் சண்டைகள் பல இங்கே பிறப்பவை. ஏலத்தை யார் நடத்தினாலும், மதகைத் தொடும் உரிமை குத்தகைதாரருக்கு இல்லை, அறுவடை முடிந்ததாகச் சங்கம் எழுதிக் கொடுக்கும் நாளுக்கு முன் நீரை இறைக்கக் கூடாது, மீறினால் வைப்புத்தொகை திரும்பாது என்ற மூன்று நிபந்தனைகளையும் ஏல அறிவிப்பிலேயே சேர்க்கும்படி சங்கம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.