பூட்டுக்காரன் வருகிறான்: கதைக்கு ஓர் ஊராகத் தொடர் எழுதுவது எப்படி?

கதைக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு புது ஆள், அவருக்கு ஒரு சிக்கல். நாயகன் வருவான், உதவுவான், கிளம்பிவிடுவான். இந்த வகைத் தொடர் எழுத உட்காருகிறவர்கள் முதலில் நாயகனின் குணத்தை யோசிக்கிறார்கள். அது தானாக வரும். முதல் வேலை, அவனுக்கு ஒரு தொழில் கொடுப்பது. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் அவனைக் கூட்டிப்போகிற தொழில்.

என் முத்து காரைக்குடியில் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். செட்டிநாட்டுக்கு இதைவிடத் தோதான தொழில் ஏது? ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, அறைக்கொரு பூட்டு. சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்.

அடுத்து வழித்தடம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று மொபெட்டில் போகட்டும். ஊர் மாறினால் சிக்கலும் மாற வேண்டும். ஆத்தங்குடி என்றால் டைல்ஸ் பட்டறைக்காரரின் கவலை, காரைக்குடி என்றால் பழைய சாமான் கடைக்காரரின் கவலை.

இனிதான் முக்கியமான படி. கேட்கிற உதவி ஒன்று, தேவைப்படுகிற உதவி வேறொன்று. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கூப்பிடுகிறார்.

"சாவி தொலைஞ்சுபோச்சு தம்பி, திறந்து குடுங்க."

பூட்டைச் சுற்றிப் புதுக் கீறல்கள். ஆச்சியே திறக்கப் பார்த்திருக்கிறார்.

"இது உங்க பங்கா ஆச்சி?"

இல்லை, கொழுந்தனார் பங்கு. ஆச்சி தன் அறை ஒழுகிய வருஷம், பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களை அங்கே வைத்தார். அப்புறம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இப்போது கொழுந்தனாரும் இல்லை. முத்து பூட்டைத் தொடவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் கொழுந்தனார் மகனுக்குப் போன் போட்டு, ஆச்சி கையில் கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் எழுதவில்லை; முத்து அதற்குள் முகப்புக்கு வந்துவிட்டான்.

என் முதல் தொடரில் நாயகன் எல்லாவற்றையும் தானே தீர்த்துவைப்பான். நாலாவது கதையில் அப்பத்தா, "இவன் வந்தாலே முடிஞ்சிரும்னு தெரியுதே" என்று தாளை மடித்துவைத்துவிட்டார். சரிதானே? அதனால் அஞ்சு கதைக்கு ஒருமுறையாவது அவன் தோற்கட்டும்.

கடைசியாகக் கூலி. அதைக் கதைக்குக் கதை மாற்றுங்கள். ஆச்சி 200 ரூபாயும் ஒரு சம்படம் சீப்புச் சீடையும் கொடுத்தார். சம்படத்தைத் திருப்பிக் கொடுக்க முத்து மறுபடி கானாடுகாத்தான் போவான், ஒரு பத்துக் கதை கழித்து.