கால்குலேட்டர் காட்டும் இலக்கமெல்லாம் விடையா? முக்கிய எண்ணுருக்கள், படிப்படியாக

ஓர் உலோகத் துண்டின் நிறை 23.7 கிராம், பருமன் 8.8 கன சென்டிமீட்டர். அடர்த்தி என்ன? கால்குலேட்டர் 2.6931818 என்கிறது. அதை அப்படியே நோட்டில் எழுதினால், ஏழாவது தசம இடம் வரை நமக்குத் தெரியும் என்று சொல்வதாகிவிடும். பருமனில் முதல் தசம இடமே ஊகம்தான்! எத்தனை இலக்கம் எழுதலாம் என்பதை அளந்த கருவிதான் தீர்மானிக்கும்.

படி 1: சரியாக வாசியுங்கள்

மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோலில் ஒரு முனை 6.4, 6.5 சென்டிமீட்டர் கோடுகளுக்கு இடையே நின்றால் 6.43 என்று எழுதலாம். 6, 4 இரண்டும் உறுதி, 3 கண்மதிப்பு. உறுதியான இலக்கங்களும் கடைசியாக வரும் ஓர் ஊக இலக்கமும் சேர்ந்ததே முக்கிய எண்ணுருக்கள். இங்கே மூன்று. டிஜிட்டல் கருவி என்றால் திரையில் இருப்பதை எழுதினால் போதும், கடைசிச் சுழியையும் சேர்த்து.

படி 2: சுழிகளைக் கவனியுங்கள்

குழப்பமெல்லாம் சுழியில்தான். முன்னால் நிற்கும் சுழிகள் கணக்கில் வராது. 4.50 மில்லிமீட்டரை மீட்டரில் எழுதினால் 0.00450, அலகு மாறியதால் அளவீடு துல்லியமாகிவிடாது, இரண்டிலும் மூன்று எண்ணுருக்களே. நடுவில் வரும் சுழி எண்ணப்படும்: 2005-இல் நான்கு. தசமப் புள்ளிக்குப் பின் கடைசியில் வரும் சுழியும் எண்ணப்படும். அதனால் 8.8 வேறு, 8.80 வேறு.

1500 என்று மட்டும் எழுதினால்? இரண்டா, மூன்றா, நான்கா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. நூலுக்கு நூல் விதி மாறுகிறது. வாதாடுவதைவிட 1.50 × 10³ என்று எழுதிவிடுவது மேல். மூன்று என்பது தெளிவு.

படி 3: பெருக்கல், வகுத்தல்

எதில் எண்ணுருக்கள் குறைவோ, விடையிலும் அத்தனைதான். மேலே 23.7-இல் மூன்று, 8.8-இல் இரண்டு. ஆகவே அடர்த்தி 2.7. பருமனை 8.80 என அளந்திருந்தால் 2.69 எழுதலாம். எண்ணிக் கிடைத்தவையும் (20 அலைவுகள்), வரையறுக்கப்பட்டவையும் (1 அங்குலம் = 2.54 சென்டிமீட்டர்) துல்லிய எண்கள், அவை விடையைக் கட்டுப்படுத்தாது.

படி 4: கூட்டல், கழித்தல்

இங்கே விதி வேறு: எண்ணுருக்களை அல்ல, தசம இடங்களைப் பாருங்கள். 25.4 + 3.127 = 28.527, ஆனால் 25.4-இல் ஒரே தசம இடம் என்பதால் எழுத வேண்டியது 28.5.

கழித்தலில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் பீக்கர் 48.62 கிராம், உப்போடு 48.76 கிராம். உப்பு 0.14 கிராம். நான்கு எண்ணுருக்களோடு தொடங்கி இரண்டில் வந்து நிற்கிறோம். இதன்பின் எதைக் கணக்கிட்டாலும் இந்த இரண்டுதான் எல்லை. உப்பைக் கூடுதலாக எடுத்திருந்தால் இந்த இழப்பு குறைந்திருக்கும்.

படி 5: முழுமைப்படுத்துங்கள்

நீக்கும் பகுதி பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். மேலே என்றால் முந்தைய இலக்கத்தோடு ஒன்று கூட்டுங்கள். சரியாக 5 மட்டும் வந்தால், முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக முடியும்படி செய்வது அறிவியலில் வழக்கம்: 2.35, 2.45 இரண்டுமே 2.4 ஆகும். எப்போதும் மேலேயே தள்ளினால், நிறைய அளவீடுகளின் சராசரி மெல்ல உயர்ந்துவிடும். ஆனால் 2.451 என்றால் 2.5தான்.

இரண்டு தவணையாக முழுமைப்படுத்தாதீர்கள். 4.349-ஐ 4.35 ஆக்கி, அதை 4.4 ஆக்கினால் தவறு. நேரே போனால் 4.3. நீண்ட கணக்கில் இடைவிடைகளுக்கு ஓரிரு இலக்கம் கூடுதலாகவே வைத்துக்கொண்டு, கடைசி வரியில் மட்டும் வெட்டுங்கள்.