அடைத்த துளையும் அழுக்குத் தண்ணீரும்

தட்டில் கறை போகவில்லை என்றால் எல்லோரும் முதலில் சோப்பைத்தான் குறை சொல்வார்கள். பெரிய சமையலறைகளில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடேயே என் வேலைக்காலம் கழிந்திருக்கிறது. சோப்பின் மீது உண்மையிலேயே குற்றம் இருந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கூட்ட நேரத்தில் கோப்பைகளின் உள்பக்கம் மட்டும் கறையோடு வந்தது. சோப்பின் அளவைக் கூட்டினோம், பலனில்லை. இரவில் இயந்திரத்தின் அடியில் சுழன்று துளைகள் வழியே தண்ணீரைப் பீய்ச்சும் தெளிப்புக் கையைக் கழற்றி விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். ஒரு துளையில் எலுமிச்சை விதை, அடுத்ததில் பல்குத்தும் குச்சியின் முறிந்த நுனி, கையின் கோடியில் கூழாகிப்போன காகிதத் துண்டு. தண்ணீர் மேலே பீறிடாமல் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து இரவு வேலை முடிந்ததும் தெளிப்புக் கைகளைக் கழற்றாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

முதலில் இயந்திரத்தை அணைத்துத் தொட்டித் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். அது கொதிக்கக் கொதிக்க இருக்கும், சோப்பும் தோலை அரிக்கும் காரம். கையுறை இல்லாமல் உள்ளே கைவிடாதீர்கள். பிறகு வடிகட்டிகளை எடுத்துக் குழாயடியில் கழுவுங்கள். மேசை விளிம்பில் தட்டிக் கொட்டினால் வலை நெளிந்துவிடும், இடுக்கு வழியாகத் துணுக்குகள் பம்ப்புக்குள் போகும். தெளிப்புக் கைகளின் கோடியில் உள்ள மூடியைத் திருகி எடுத்து, உள்ளே தண்ணீரைப் பாய்ச்சுங்கள். துளைகளை மெல்லிய மரக்குச்சியால் குத்தி எடுக்கலாம்; ஆணி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். உட்சுவரையும் கதவின் ரப்பர் பட்டையையும் மெல்லிய துணியால் துடையுங்கள். இரும்பு நார் துருவுக்கு வழிவகுக்கும். கடைசியாகக் கதவைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் காலையில் வரும் நாற்றமே சொல்லும்.

பகலிலும் தொட்டித் தண்ணீர் கலங்கினால் மாற்றிவிடுங்கள். மாற்ற நேரமில்லை என்பார்கள். கறையோடு வந்த தட்டுகளை மறுபடி கழுவ ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுடுநீரால் கிருமி நீக்கும் இயந்திரங்களில் கடைசி அலசல் தண்ணீர் பொதுவாக 82 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. அளவுமானியைத் தினமும் பாருங்கள். சூடு ஏறத் தாமதமானால் ஹீட்டரில் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்புப் படிந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணாடிக் கோப்பையில் வெண்படலம் தெரிவதும் பெரும்பாலும் அதே உப்பினால்தான். தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அதில் நாம் போடும் சாதாரண உப்பு தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிந்த சுண்ணாம்பு உப்பை நீக்கும் திரவம் அமிலம். இந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். குளோரின் கலந்த சோப்போ கிருமிநாசினியோ அதோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஆகவே பழைய தண்ணீரை வடித்து, உட்புறத்தை நன்றாக அலசி, சோப்பும் கிருமிநாசினியும் உறிஞ்சும் குழாய்களை நிறுத்திய பிறகே அமிலத்தை ஊற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்திருங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். அளவும் நேரமும் திரவப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். வேலை முடிந்ததும் வடித்துவிட்டு, சோப்புக் குழாயைத் திரும்ப இணைக்கும் முன் வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓடவிடுங்கள். நான் மூன்றாவது முறையும் ஓடவிடுவேன்.