மௌனப்படம் பார்க்க உட்காரும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவியில் 'தி பிளாட்' என்ற மௌனப்படத்தைப் போட்டேன். லோயிஸ் வெபர் என்ற அமெரிக்கப் பெண் இயக்குநர் 1921இல் எடுத்த குடும்பக் கதை. சம்பளம் போதாத ஒரு பேராசிரியர் வீடு, பக்கத்தில் செருப்புத் தொழிலில் சம்பாதித்து நன்றாகச் சாப்பிடும் ஒரு வீடு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தம்பி பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்களே என்று.

அதுதான் நாம் செய்கிற முதல் தவறு, வேகத்தைப் பார்க்காமல் போடுவது. அந்தக் காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் கையால்தான் சுற்றினார்கள், நொடிக்கு 16 பிரேமும் (அதாவது 16 தனிப் படங்களும்) இருக்கும், 20க்கு மேலும் இருக்கும். பேசும்படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் அழுகிறவர்கூடக் கோமாளியாகத்தான் தெரிவார். யூடியூபில் வேகத்தை 0.75 என்று வைத்தால் அது 18க்கு வந்துவிடும். சரிசெய்து வெளியிட்ட பிரதிகளும் உண்டு, அவற்றைக் குறைக்கக் கூடாது. ஆள் நடப்பதைப் பாருங்கள், நம் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தால் போதும்.

அப்புறம் முகம். சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுப்பு, உதடு மட்டும் கறுப்பு, இது என்ன பேய்ப்படமா என்று கேட்பார்கள். அன்றைய பிலிமில் சிவப்பு நிறம் சரியாகப் பதியாது, சிவந்த உதடு கறுத்துத்தான் விழும், அதற்கேற்றபடிதான் ஒப்பனையும் போட்டார்கள். பின்னணி இசையை வைத்தும் படத்தை எடைபோடாதீர்கள். அன்று இசை கொட்டகையில் நேரடியாக வாசிக்கப்பட்டது, ஊருக்கு ஊர் மாறும். நம் பக்கத்துக் கொட்டகைகளில், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டையைச் சத்தமாக வாசித்துக் கதை சொல்லவே ஒரு ஆள் இருந்தார். பிரதியில் ஒட்டியிருக்கும் இசை பிடிக்காவிட்டால் ஒலியை அணைத்துவிடுங்கள்.

'ஓவர் ஆக்டிங்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் மகுடம் என்ற பறை முழங்கக் கணியான் கூத்து ஆடுகிறவரைப் பார்த்து, இவ்வளவு பெரிதாகக் கை வீசுகிறாரே என்று யாராவது குறை சொல்வோமா? அந்தக் கலைக்கு அதுதான் மொழி என்று நமக்குத் தெரியும். இத்தனைக்கும் வெபர் படத்தில் நடிப்பு அடங்கித்தான் இருக்கிறது, வறுமையைச் சொல்வது பொருள்கள். தேய்ந்த கம்பளம், பிய்ந்த நாற்காலித் துணி, ஓய்ந்துபோன செருப்பு. கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் இதெல்லாம் போய்விடும், வசனம் காதில் விழுந்துகொண்டிருக்கிற படம் இல்லை இது. மகளுக்கு உடம்பு சரியில்லை, நல்ல சாப்பாடு கொடுக்க வழியில்லை, பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலில் ஒரு கோழி இருக்கிறது. தாய் அதை எடுத்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப வைத்துவிடுகிறாள். எடுத்ததை மட்டும் மகள் பார்த்துவிடுகிறாள். எங்கள் அம்மா முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர், அந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "ஏல, அவ திருப்பி வச்சிட்டால்லா, இந்தப் பிள்ள அதப் பாக்கலியே!" என்றார். ஒரு எழுத்து அட்டைகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் தவறு, இன்றைய அளவுகோலில் மார்க் போட்டு மூடிவிடுவதும் தவறு. படித்தவன் வீட்டில் பட்டினி, செருப்புத் தைப்பவன் வீட்டில் கோழி, இது என்ன நியாயம் என்பதுபோல அந்தப் படம் சில இடங்களில் பேசுகிறது. சாதி தெரிந்த நம் ஊரில் உட்கார்ந்து பார்க்கும்போது அது உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். செருப்புக்காரர் சம்பாதித்தால் என்ன குறை? ஆனால் ஆசிரியருக்குக் கூலி போதவில்லை என்ற கோபத்தை 1921இல் ஒரு பெண் படமாக எடுத்திருக்கிறாள் என்பதும் அதே படத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடைசியாக, கிடைத்த நாலு படத்தை வைத்து அந்தக் காலம் முழுவதையும் அளக்காதீர்கள். இந்தியாவில் 1300க்கும் மேல் மௌனப்படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு, மிஞ்சியவை மிகச் சில. 1920களின் கடைசியில் ஜே.சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' சமூகக் கதைதான். அதில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி தலித் பெண் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் கல்லெறிந்து கலவரம் செய்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடி வந்து பிழைத்தது நம் பக்கத்து நாகர்கோவிலில். 'அந்தக் காலம்' என்று சொல்லும்போது கல்லெறிந்தவர்கள் மட்டும் இல்லை, ரோஸியும் டேனியலும் அதே காலத்தவர்கள்தான். ரோஸி எப்படி நடித்திருந்தார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு பிரதிகூட இன்று இல்லை.